ஏலத்தில் எடுத்த சிவப்புப் புள்ளி

கல்யாணமான எல்லா வீட்டிலும் தீர்ப்பாகாத வழக்கு ஒன்று கிடக்கும். எங்கள் வீட்டு வழக்குக்கு மட்டும் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ‘கம்ப்யூட்டரைக் கொன்றது யார்?’ என்பது வழக்கு. வாதி நான், சாட்சி நான், நீதிபதியும் நானே. குற்றவாளி என் மனைவி சுகந்தி. தீர்ப்புக்குப் பிடித்த நேரம் அரை நிமிடம். அது தப்பான தீர்ப்பு என்று எனக்கு உறைக்கப் பதிமூன்று வருடம் பிடித்தது. கூடவே பதினெட்டாயிரத்து நானூறு ரூபாயும்.

கல்யாணமாகி நாலாவது மாதம் ஆயுத பூஜை வந்தது. கோவை கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராயிங் போடும் வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வீட்டில் என் சொத்து என்று இருந்தது, காலேஜ் ஹாஸ்டலில் இருந்து தூக்கி வந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான். (சுகந்தியின் நகையும் இருந்தது. அது என் சொத்து இல்லை என்று அவள் அப்பா முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார்.) பூஜைக்கு முந்தின நாள் அதைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் நானே சுத்தம் செய்து எடுத்து வந்தேன். மூடியைக்கூடப் போடாமல் சாமி முன்னால் வைத்துவிட்டு, “அம்மணி, ஒண்ணு உடாம எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுரு” என்றேன்.

அவளும் ஒன்று விடவில்லை. அரிவாள்மனை, மிக்ஸி, ஸ்கூட்டர், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள். கம்ப்யூட்டருக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பாகவே கிடந்தது. பூஜைக்கு வந்த ஒறம்பரை, சொந்தக்காரர்கள் பத்துப் பேர், இன்னும் வீட்டில்தான் இருந்தார்கள்.

“ஏம்புள்ள, கரண்டு ஓடற சாமானுக்குள்ள ஈரச் சந்தனத்த அப்பி வெச்சிருக்கறயே, அறிவு வேண்டாமா?” என்று கத்தினேன். சுகந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “நீ ஒண்ணும் பேசாத” என்றேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோபக்காரனுக்கு ஆதாரம் எதற்கு? அந்த வாரமே அதை அப்படியே எடைக்குப் போட்டுவிட்டேன்.

அதோடு முடிந்திருக்கலாம். சொந்தத்தில் யார் விட்டார்கள்? என் தங்கை வளர்மதிதான் ஆரம்பித்து வைத்தாள். “அண்ணி, கெரைண்டருக்குப் பொட்டு வெச்சுப்போடாதீங்க, வெடிச்சிரும்.” அடுத்த வருடம் இன்னொருவர், அதற்கடுத்த வருடம் வேறொருவர். சுகந்தியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அதன்பிறகு ஒரு ஆயுத பூஜைக்குக்கூட அவள் எதற்கும் பொட்டு வைக்கவில்லை. தட்டை என் கையில் கொடுத்து, “நீங்களே வெச்சுக்கோங்க” என்று போய்விடுவாள். எனக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. மடையன் என்பதற்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்?

இந்த மடையனுக்கு ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பைத்தியம் பிடித்தது. பழைய கிராபிக்ஸ் கார்டு சேர்ப்பது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டதைத் திரையில் படமாக்கிக் காட்டும் பலகை அது. இருபது வருடத்துக்கு முந்தைய கார்டுகளுக்கு என்னைப் போன்ற ஆட்கள் ஆன்லைன் ஏலத்தில் அடித்துக்கொள்கிறார்கள். போட்டோவைப் பெரிதாக்கி, சிப்பின் மேல் இருக்கும் நம்பரைப் படித்து, எந்த வருடம், எத்தனையாவது வாரம் செய்தது என்று சொல்ல வேண்டும். நாற்பது பேர் கொண்ட எங்கள் வாட்ஸப் குழுவில் நான்தான் பெரிய வைத்தியர். புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு பாடம் எடுப்பேன். ஒன்று, பின்பக்கத்துப் போட்டோவைக் கேட்காமல் ஏலம் கேட்காதே. இரண்டு, கம்ப்ரசரில் காற்றடித்துக் கார்டைச் சுத்தம் செய்யாதே. கம்ப்ரசர் டேங்க்கில் தேங்கும் தண்ணீரும் சேர்ந்து வந்து அடிக்கும்.

ஒருநாள் ஏலத்தில் ஒரு கார்டு வந்தது. விற்பவர் உக்கடத்துக்காரர். ‘பழைய கார்டு, ஓடும்’ என்று மட்டும் எழுதியிருந்தார். போட்டோவைப் பெரிதாக்கினேன். சிப்பின் நட்டநடுவில் மங்கலான மஞ்சள் வட்டம், அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி!

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான்தான் வைத்தியர் ஆயிற்றே! கடைக்கு வருவதற்கு முன் தொழிற்சாலையில் சோதனைக்கென்று பத்தோ இருபதோ கார்டு செய்வார்கள், அதற்கு வைத்த முத்திரை இது என்று முடிவு கட்டினேன். கிடைத்தால் லட்சம் போகும். பின்பக்கத்துப் போட்டோவைக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் நம் ஆசை தெரிந்துவிடும், விலையை ஏற்றிவிடுவார் என்று கேட்கவில்லை.

ஏலம் முடியும் நேரம் ஞாயிறு பகல் பதினொன்றரை. அதே பதினொன்றரைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் வளர்மதியின் சின்னப் பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் அடியேன்.

மடியில் பிள்ளை. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போன். எவனோ ஒருவன் ஆயிரத்து எழுநூற்றைம்பது வரை ஏற்றியிருந்தான். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்று நான் தட்டி முடிக்கவும், ஆசாரி காதில் ஊசியை ஏற்றவும் சரியாக இருந்தது. பிள்ளை வீலென்று அலறி ஒரு உதை விட்டது. என் கட்டைவிரல் இன்னொரு சைபரை அமுக்கியது. அடுத்த உதையில் ஏலத்தை உறுதி செய்யும் பட்டனும் அமுங்கியது. பதினெட்டாயிரத்து நானூறு. ஏலம் முடிந்தது, வென்றது நான் என்று போன் வாழ்த்துச் சொன்னது.

என் கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

“பாருங்க, புள்ள அழுவுதுன்னு எங்கண்ணன் எப்படிக் கண் கலங்கறான்னு!” என்று வளர்மதி சபைக்கே கேட்கும்படி சொன்னாள். நாலைந்து பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். கிடா விருந்தில் எனக்கு மட்டும் ஈரல் இரண்டு முறை விழுந்தது. (பாசத்துக்குக் கிடைத்த மரியாதை. மறுக்காமல் தின்றேன்.)

சாயங்காலம் உக்கடத்துக்காரரிடம் இருந்து செய்தி வந்தது. இப்ராகிம் பாய் என்று பெயர். “ஏனுங்க, ஒரு சைபர் சேந்து உளுந்துருச்சுங்களா? தப்பா இருந்தா சொல்லுங்க, மாத்திக்கலாமுங்க.”

தங்கமான மனிதர். ஆனால் தப்பு என்று ஒத்துக்கொண்டால் ஏலத்தையே ரத்து செய்துவிட்டு, அந்த ஆயிரத்து எழுநூற்றைம்பதுக்காரனிடம் தள்ளிவிடுவாரோ என்று எனக்குப் பயம். “இல்லீங்க பாய். கரெக்ட்டான வெலைதானுங்க” என்று பதில் போட்டு, பணத்தையும் அனுப்பினேன்.

புதன்கிழமை கார்டை வாங்கக் கிளம்பும்போது, உக்கடத்தில் மீன் வாங்க வேண்டும் என்று சுகந்தியும் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். “ரெண்டே நிமிஷம், இங்கயே நில்லு” என்று கடை வாசலில் நிறுத்தினேன். நிற்பாளா? பின்னாலேயே வந்தாள். பாய் கார்டை ஒரு பழைய இனிப்பு டப்பாவில், மெத்தென்று துணி விரித்து வைத்திருந்தார். நான் கை நீட்டுவதற்குள் சுகந்தி எடுத்துவிட்டாள்.

“இதென்னுங்க, பொட்டு வெச்சிருக்குது?”

“பொட்டு இல்ல அம்மணி. பேக்டரி முத்திரை. உனக்குத் தெரியாது.”

“சந்தனம் வெச்சு மேல குங்குமம் வெச்சிருக்குது. பொட்டுங்க.”

பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அம்மணி சொல்றதுதான் சரிங்க. பூஜை போட்ட சாமானுங்க. என்ற கையால அழிக்க மனசு வரலீங்க. அதான் அப்படியே போட்டோ எடுத்தேன்.”

சுகந்தி கார்டைத் திருப்பினாள். பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் ஏதோ எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“செ. குமரவேல். மூன்றாம் வருடம், மெக்கானிக்கல். அறை எண் பதினான்கு.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “இது யாருங்க?”

என் கையெழுத்து. ஹாஸ்டலில் சோப்பு டப்பாவில்கூடப் பெயர் எழுதி வைத்தவன் நான். நாற்பது பேருக்குப் பாடம் எடுக்கும் வைத்தியர், எடைக்குப் போட்ட தன் கார்டைத் தானே ஏலத்தில் எடுத்திருக்கிறார்!

பாய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சுகந்தி சிரிக்கவில்லை. “இது ஓடுமுங்களா பாய்?” என்று மெதுவாகக் கேட்டாள். மேஜைமேல் திறந்து கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் பாய் கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டார். படம் பளிச்சென்று வந்தது.

அவள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்ப, நான் கெடுக்கலீங்க” என்றாள்.

எனக்குள் இருந்த வக்கீல் அப்போதும் சாகவில்லை. “அப்பறம் எப்படிப் பாய் கம்ப்யூட்டர் போச்சு?” என்று கேட்டேன்.

“மதர்போர்டு போயிருக்குமுங்க. தண்ணி கிண்ணி பட்டுதுங்களா?”

“பட்டுச்சுங்க பாய்” என்றாள் சுகந்தி. “மொத நாளு கம்பெனில காத்தடிச்சுக் கொண்டாந்தாரு. பொட்டு வைக்கறதுக்குக் கைய உட்டா, உள்ளாற அங்கங்க ஈரம். இது ஒண்ணுதான் கைக்கு எட்டுச்சு. முந்தானைல நல்லாத் தொடச்சுப்போட்டுப் பொட்டு வெச்சேன். மத்ததுக்கெல்லாம் கை போகல.”

அதாவது, அந்தக் கம்ப்யூட்டரைக் கொன்றது நான். அதில் பிழைத்தது ஒன்றே ஒன்று. அதைப் பிழைக்க வைத்தது அவள்.

“ஏஞ்சாமி, இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல?”

“சொல்ல வந்தேன். ஒண்ணும் பேசாதன்னீங்க.”

“அதுக்கப்பறம் பதிமூணு வருஷம் இருந்துச்சே?”

“நீங்க கேக்கவே இல்லீங்களே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முறை பணத்துக்காக இல்லை. இருபத்து மூன்று வயதில், யாரும் பழக்கமாகாத வீட்டில், பத்துப் பேர் பார்க்க நின்ற அந்தப் பெண்ணை நினைத்து. “மன்னிச்சுரு அம்மணி” என்றேன்.

“பாய் ஒருத்தரு முன்னாடி கேட்டாப் போதுமுங்களா? அன்னிக்குப் பத்துப் பேர் இருந்தாங்க.”

அது நியாயம். பாய் டீ சொன்னார். அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பத்துப் பேருக்கும் போன் போட்டேன். பெரியப்பா, சித்தி, மதுக்கரை மாமா, ஒவ்வொருவரிடமும் முதலில் இருந்து கதை. வளர்மதி முழுசாகக் கேட்டாள். பிறகு, “அடப்பாவி அண்ணா, நானும் இத்தன வருஷம் அவங்கள ஓட்டிப்போட்டனே! அண்ணிகிட்டக் குடு” என்றாள். சுகந்தி போனைக் காதில் வைத்து, “உடு கண்ணு, உடு கண்ணு” என்று மூன்று தரம் சொன்னாள். சொல்லும்போது அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது பாய், “அந்தச் சைபருக்கு உண்டான பணத்தத் திருப்பிக் குடுத்தர்றனுங்க” என்றார்.

“வேண்டாமுங்க பாய்” என்று முந்திக்கொண்டாள் சுகந்தி. “இந்த வெலைக்கு இது சல்லிசுங்க.”

அந்த வருட ஆயுத பூஜைக்குத் தட்டு என் கைக்கு வரவில்லை. அவளே எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் போய் வந்தாள். நான் கற்பூரம் தேடும் சாக்கில் பின்னாலேயே திரிந்தேன்.

சொந்தத்தில் கேலி மட்டும் நிற்கவில்லை, ஆள் மாறிவிட்டது. யார் வீட்டில் எது ரிப்பேரானாலும் முதல் கேள்வி, “குமரவேலு வந்து காத்தடிச்சானா?” போன மாதம் எங்கள் கிரைண்டர் ஓடவில்லை. அதைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், எங்களை முன்பின் தெரியாதவர், மாவுத்தூசியைச் சுரண்டிக்கொண்டே சும்மா கேட்டார். “ஏனுங்க, யாராச்சும் உள்ளாற காத்தடிச்சீங்களா?”

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

“நான்தானுங்க அடிச்சேன்” என்றேன், சுகந்தி எட்டிப் பார்ப்பதற்குள்.