பதினாலு என்று சொன்னால் போதும்

மனித குலம் அடைந்த விடுதலைகளில் ஆகப் பெரியது, பிடிக்காத மின் நிறுவனத்தை உதறிவிட்டு இன்னொன்றுக்குத் தாவும் விடுதலை. வாக்குரிமை ஐந்தாண்டுக்கு ஒருமுறை. இதுவோ எந்தச் செவ்வாய்க்கிழமையும், தேநீர் ஆறுவதற்குள். இந்த மகத்தான புரட்சியில் எனக்கும் பங்குண்டு. வேக்ஃபீல்டில் இயங்கும் பிரைட்ஹார்த் மின் நிறுவனத்தின் ‘வரவேற்புப் பிரிவில்’ நான் மூத்த வரவேற்பாளன். காதில் ஹெட்போன், எதிரில் திரை, திரைக்கு மேல் எங்கள் தாரக மந்திரம்: ‘விரலை மட்டும் அசையுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’

பார்த்துக்கொண்டோம்.

லார்ச் க்ளோஸ் என்பது ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய இருபத்தாறு வீடுகள். கட்டியவர்கள் தங்கள் வசதிக்கு மனை எண் போட்டார்கள். மீட்டர்கள் அந்த எண்ணில் பதிவாயின. பிறகு வேறு வரிசையில் கதவு எண் வந்தது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது எங்கள் பிழையல்ல. எங்களுக்கு எண் என்றால் எண்.

நவம்பரில் பதினான்காம் கதவுக்காரர், லாரி ஓட்டும் டேரன் ஓல்ட்ராய்ட், எங்களிடம் சேர்ந்தார். ஐந்தே நாளில் மீட்டரை எங்கள் கணக்குக்கு மாற்றிக் காட்டினோம். பதினான்காம் மனையின் மீட்டரை. அது ஒன்பதாம் கதவில், வினிஃப்ரெட் டாஸ்கர் என்ற எழுபத்தெட்டு வயது அம்மையாரின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது.

அவருடைய பழைய நிறுவனம், ‘தங்கள் பிரிவு எங்களை வாட்டுகிறது’ என்று அவருக்குக் கடிதம் போட்டது. நான் எங்கும் போகவில்லையே என்றார் அவர். அப்படியானால் திரும்பி வாருங்கள் என்றார்கள். ஒன்பதாம் எண் என்று சொல்லித் திரும்பினார். ஒன்பதாம் மனையின் மீட்டர் நகர்ந்தது. அது இருபத்துமூன்றாம் கதவு. அந்த வீட்டுக்காரர் பதறிப்போய்ப் பழைய இடத்துக்கு ஓட, இன்னொரு வீடு இடம்பெயர்ந்தது. ஜனவரிக்குள் தெருவே ராட்டினமாகச் சுற்றியது. எங்கள் மேலாளர் ஃபிலிப்பா, ஒரே தெருவில் இத்தனை புதிய சேர்க்கையா என்று நெகிழ்ந்துபோய், ‘வாடிக்கையாளர் பேரன்பு’ என்ற தலைப்பில் வரைபடம் போட்டு, கேக் வெட்டினார். எனக்கு இரண்டு துண்டு.

சூத்திரத்தைக் கண்டுபிடித்தவர் டேரன். மீட்டர் பெட்டிகளின் உட்புறத்தில் கொத்தனார்கள் எழுதிவைத்த மனை எண்கள் அழியாமல் இருந்தன. வீடு வீடாகப் போய்க் குறித்துக்கொண்டார். பிறகு எனக்குப் போன் செய்து, தன் மனை எண்ணான இருபத்தொன்றைக் கதவு எண் என்று கூசாமல் சொன்னார். அவருடைய சொந்த மீட்டர் அவரிடம் வந்து சேர்ந்தது. செய்தி பரவியது. ஒருவரைத் தவிரத் தெருவே பொய் சொன்னது. அவரவர் மீட்டர் அவரவருக்குக் கிடைத்தது. எங்கள் வரலாற்றில் இவ்வளவு தவறான விண்ணப்பங்களும் இவ்வளவு சரியான மாற்றங்களும் ஒரே வாரத்தில் நடந்ததில்லை.

பதினான்காம் எண்ணில் இருந்த பழைய கணக்கை டேரன் மூடினார். பதினான்கு ‘காலி வீடு’ என்று எங்கள் கணினி முடிவு செய்தது. காலி வீட்டுக்கு எதற்குக் கரன்ட்? பிப்ரவரியில், பனி கொட்டிய ஒரு திங்கட்கிழமை, இருந்த இடத்திலிருந்தே நிறுத்தினோம். பதினான்காம் மனையின் மீட்டர் இன்னும் வினிஃப்ரெட்டின் மாடிப்படிக்குக் கீழேதான் இருந்தது; அவர் வீடு அணைந்தது. அந்த வீடுகளில் அடுப்பு, வெந்நீர், ஹீட்டர் எல்லாமே மின்சாரம்.

அவர் அழைத்தார். ஒன்பதாம் எண் என்றார். ஒன்பது சுகமாக எரிகிறது என்றது என் திரை. நான் ஈரநெஞ்சன். குரலைத் தாழ்த்தி வழி சொன்னேன்: பதினாலு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் வெளிச்சம். மறுத்துவிட்டார். முப்பத்தோரு வருடம் லீட்ஸ் நீதிமன்றத்தில் சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தவராம். பிழைக்கத் தெரியாதவர்.

மூன்றாம் நாள் டேரனே தொலைபேசியில் வந்தார்.

“என்னய்யா ஆளு நீ? தெருவே பொய் சொல்லியாச்சு, உனக்கு இன்னும் ஒண்ணு கேக்குதா? எங்க வீட்டுல வந்து இருங்கன்னா, பூனைக்கு இடம் மாறினா ஆகாதுன்னு மூணு கோட்டு போட்டுக்கிட்டு அங்கயே உக்காந்திருக்கு இந்தம்மா. நீயே பதினாலுன்னு தட்டிவிட்டா என்ன, விரல் தேஞ்சிடுமா?”

தெரிந்தே தவறான விவரம் பதிந்தால் எனக்கு வேலை போய்விடும் என்று பணிவுடன் விளக்கினேன். அவர் சொன்ன பதிலை அச்சிட முடியாது.

ஐந்தாம் நாள் அம்மையார் மறுபடி அழைத்தார். பல் தந்தியடிப்பது கேட்டது.

“இந்தப் பேச்சு பதிவாகுதா, தம்பி?”

“ஆமாங்க. பயிற்சிக்காகவும் தரத்துக்காகவும்.”

“நல்லது. வலது கையைத் தூக்குங்க.”

ஏன் தூக்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கழிவறைக்கு அனுமதி கேட்கிறேன் என்று நினைத்து ஃபிலிப்பா தலையசைத்தார். அம்மையார் சொல்லச் சொல்ல, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று திருப்பிச் சொன்னேன்.

“என் கதவு எண் என்ன?”

“ஒன்பது.”

“எத்தனை நாளாத் தெரியும்?”

“அஞ்சு நாளாங்க.”

“கரன்ட்டை நிறுத்தினது யாரு?”

“நாங்கதான்.”

“நான் எப்படி இருக்கேன்னு தெரியுமா?”

“தெரியும்மா. குளிர்ல இருக்கீங்க.”

“அவ்வளவுதான். நீங்க கூண்டை விட்டு இறங்கலாம்.”

வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் அந்தப் பதிவு தரப் பிரிவுக்குப் போய்விட்டது. எனக்கு வியர்த்தது. ஆனால் எங்கள் நிறுவனம் நியாயம் தவறாதது. வணக்கம் சொன்ன விதம், பத்துக்குப் பத்து. பொறுமை, பத்துக்குப் பத்து. வாடிக்கையாளரின் கதவு எண்ணைச் சரியாக உறுதிசெய்தது, பத்துக்குப் பத்து. ஒரே ஓர் இடத்தில்தான் சிவப்பு மை: ‘உண்மையை ஒப்புக்கொள்ளுமுன் மேலாளரின் அனுமதி பெறவில்லை.’

தவறைத் திருத்திக்கொள்வதில் நான் தாமதிப்பதில்லை. அனுமதி கேட்டு அன்று மாலையே படிவம் கொடுத்துவிட்டேன். பத்து வேலை நாட்களில் பதில் வரும். அதுவரை அந்த அம்மா தாங்குவாரா என்று படிவத்தில் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.