சாய்வெழுத்துக்காரர் சகாதேவன்

உலகத்தில் நேராக நிற்கிற எதைப் பார்த்தாலும் கை பரபரக்கிற ஓர் இனம் உண்டு. சாய்வெழுத்துக்காரர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்காட்ட வேண்டுமானால் அதை மட்டும் சாய்த்து அடிப்பார்கள் அல்லவா? அந்தச் சாய்வை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்ளாமல், சோறாகவே பிசைந்து சாப்பிடுகிறவர்கள் இவர்கள். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். எங்கள் மரக்காணத்தில் இருப்பவர் சகாதேவன்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரோடு வந்த எழுத்துகள் போதாதென்று 2004-ஆம் வருஷம் முழுக்க உட்கார்ந்து சொந்தமாக ஓர் எழுத்துருவே வரைந்து, அதற்குத் தன் மகள் பூவிழியின் பெயரைச் சூட்டினார். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் சின்னதாக ஒரு பாதம். கோடு இறங்கும்போது தடிக்கும், ஏறும்போது மெலியும். மொத்தமும் வலப்பக்கமாகப் பதினெட்டு டிகிரி சாய்ந்திருக்கும். 'ழ'வின் வால் அடுத்த வரிக்கு இறங்கி, அங்கே சிவனே என்று உட்கார்ந்திருக்கிற 'ட'வின் தலையைத் தடவிவிட்டுத் திரும்பும். அழகுதான், மறுக்கவில்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்த இனத்துக்குத் தெரியாது.

காதுகுத்து, மாதா கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ், கிளியனூர் உரக்கடையின் பில் புத்தகம், கோட்டக்குப்பத்திலிருந்து துபாய் போகிறவரின் பயோடேட்டா, காணாமல் போன எருமைக்கான அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாமே பூவிழிதான். அஞ்சலிக்குமா வால் என்று கேட்டால், செத்தவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்பார். நேராக அடித்துத் தரச் சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "நேரா இருந்தா ரேஷன் கார்டு மாதிரி இருக்குதுங்க" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் 2005 ஏப்ரலில் உப்பளத்துப் பெண்கள் மனு அடிக்க வந்தார்கள். உப்பளத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. சுற்றிலும் தண்ணீர்தான், ஒரு வாய் விழுங்க முடியாது. வீட்டிலிருந்து கேனில் சுமந்துபோவது காலை ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். அந்த மாதம் இரண்டு பேர் பாத்தியிலேயே மயங்கி விழுந்திருந்தார்கள். ஒருத்தி பாஞ்சாலையின் தங்கை. மற்றவர்களை அழைத்து வந்ததும் பாஞ்சாலைதான்.

"கத்தரி ஆரம்பிக்கறதுக்குள்ள, மே நாலுக்குள்ள தொட்டி வேணும்னு போடுங்க. அது மட்டும் நல்லா தெரியணும்" என்றாள்.

அது மட்டும் தெரிவதா? சகாதேவனிடமா? அனுப்புநர், பெறுநர் எல்லாம் அழகைக் கெடுக்கின்றன என்று எறும்பு அளவில் ஓரத்துக்கு ஒதுக்கினார். 'உப்பளத்தில் குடிநீர்த் தொட்டி' என்பதை நடுவில் வில்லாக வளைத்தார். அதன் கீழே 'மே 4', இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அடியில் முப்பத்திரண்டு பெண்களின் பெயர்களும் இரண்டு வரிசையாக, ஒவ்வொன்றும் வாலை நீட்டிக்கொண்டு. காகிதம் ரோஸ் கலர். மூலையில் மஞ்சள் தடவாததுதான் பாக்கி.

பாஞ்சாலை வாங்கிப் பார்த்தாள். பத்திரிகை கணக்காக இருக்கிறதே என்று இழுத்தாள். அதிகாரி மேஜையில் ஆயிரம் மனு கிடக்கும், இதைத்தான் முதலில் எடுப்பார் என்று சகாதேவன் அடித்துச் சொன்னார்.

எடுத்தார். எடுத்து, கல்யாணப் பத்திரிகைகளோடு வைத்துக்கொண்டார். தலைப்பு, தேதி, பெயர்கள் மூன்றையும் பார்த்தபிறகு உள்ளே இருக்கிற விஷயத்தை எந்த மனிதர் படிப்பார்? நீங்கள் படிப்பீர்களா?

மே நாலாம் தேதி காலை பத்து மணிக்கு உப்பளத்து ஓரம் ஒரு ஜீப் வந்து நின்றது. கரைபோட்ட வேட்டி, நெற்றியில் சந்தனம், பின்னால் தாம்பாளத்தில் புதுக் கத்தரிக்கோலோடு பியூன் என்று அதிகாரி இறங்கி, திறந்து வைக்கவேண்டிய தொட்டியைத் தேடினார். ஒரு வரப்பு போனார். இரண்டாவது வரப்பு போனார். மூன்றாவதில் செருப்பு சேற்றோடு போனது. வெயில் உப்பில் பட்டு முகத்தில் அறைந்தது. கால் மணி நேரத்தில் சந்தனம் மூக்குவரை இறங்கிவிட்டது. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

பாஞ்சாலை தன் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"நாங்களும் அதைத்தாங்க கேட்டிருக்கோம்" என்றாள்.

இதைக் கேள்விப்பட்டபோது விசிலடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. பத்தே நாளில் தொட்டி வந்துவிட்டது. இப்போது பாஞ்சாலையின் தங்கை வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் பாத்தியில் இறங்குகிறாள். சகாதேவனைத்தான் பிடிக்க முடியவில்லை. நேராக அடித்திருந்தால் அதிகாரி வந்திருப்பாரா என்று டீக்கடையில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்கிறார். பதில் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல். போதாததற்குத் தொட்டியின்மேல் 'குடிநீர்' என்று பூவிழியில் எழுதிவிட்டும் வந்திருக்கிறார். முப்பத்திரண்டு பேரும் தலையைச் சாய்த்து அதைப் படித்துவிட்டுத்தான் குழாயைத் திறக்கிறார்களாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தக் கட்டுரையை அச்சுக்குச் சகாதேவனிடம்தான் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் வேறு சென்டர் இல்லை. நேராக அடிக்கும்படி மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் தலையாட்டினார். ஆகவே சத்தியமாகச் சாய்வாகத்தான் வந்திருக்கும். உங்களுக்கு நேராகத் தெரிகிறதா? கழுத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்.