மாமியின் மதிய உறக்கமும் ஏலத்தில் எடுத்த இன்வெர்ட்டரும்

தெரியாத விஷயங்களில் நான் ஒருபோதும் ஏமாந்ததில்லை. தெரியாது என்று சொல்லி ஒதுங்கிவிடுவேன். நான் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் நன்றாகத் தெரிந்த விஷயங்களில்தான். இன்வெர்ட்டர் பற்றி எனக்குத் தெரிந்திருந்த அளவுக்குப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. (இதை நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறு யாரும் சொன்னதாக நினைவில்லை.)

நெய்யாற்றின்கரையில் பத்திரம் எழுதுவது என் தொழில். நிலம் வாங்க வருகிறவர்களிடம், "முழுசா வாசிக்காம ஒப்புப் போடாதீங்க" என்று தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு பெட்டியை அதன் மேல் எழுதியிருந்த ஒரே ஒரு வரியைக்கூட வாசிக்காமல் வாங்கிய கதை இது.

முதலில் வேன். ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி ஓய்ந்த வேன் அது. அமரவிளையில் ஒரு பட்டறையில் விட்டு இருக்கைகளைக் கழற்றி, பின்னால் கட்டில், பக்கத்தில் சின்ன அடுப்பு மேடை, மேலே ஒரு ஃபேன் என்று ஒரு குட்டி வீடாக்கினோம். கட்டிலுக்கு அடியில் பெரிய பேட்டரி. மீதி இருந்தது இன்வெர்ட்டர் மட்டும். பேட்டரியில் கிடக்கிற கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருகிற பெட்டி அது. அது இல்லையென்றால் எங்கள் வேன் வெறும் கட்டில் போட்ட வேன்தான்.

இத்தனை பாடும் என் மாமியாருக்காக. ஞானதீபம் மாமி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருடைய ரகசியம் காதில் விழுந்தும் ஒன்றைக்கூட வெளியே விடாதவர். அவருக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அதற்காக டாக்டர் ஒரு மிஷின் கொடுத்திருக்கிறார். மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால் அது காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். மிஷின் இல்லாமல் உறங்கினால் மூச்சுக்கு ஆபத்து. அதோடு குறட்டையும் வரும். குறட்டை என்று லேசாகச் சொல்லிவிட்டேன். ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. மாமி மிஷின் இல்லாமல் கண்ணயர்ந்துவிட்டால் வண்டி வந்ததா போனதா என்று எங்களுக்குத் தெரியாது.

மாமியின் தங்கை எஸ்தர் சித்தி பீர்மேட்டில் எஸ்டேட் லைன் வீட்டில் மகனோடு இருக்கிறார். அந்த வருஷம் விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்து படுத்துவிட்டார். தங்கையைப் பார்க்க வேண்டும் என்று மாமிக்குத் துடிப்பு. ஆனால் போய்விட்டு ஒரே நாளில் திரும்பி வர முடியாத தூரம். அங்கே வீடு நிறைய ஆட்கள், கரண்டு வேறு நினைத்த நேரத்துக்குப் போகும். மிஷின் இல்லாமல் ஒரு ராத்திரி தங்க முடியாது. அதனால்தான் வேன். சித்தி வீட்டு முற்றத்தில் வேனை நிறுத்தி, மாமி அதிலேயே உறங்கிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. என் வாழ்நாளில் நான் யோசித்த நல்ல விஷயம் அது ஒன்றுதான் என்று என் மனைவி செலின் இன்றும் சொல்வாள்.

செலின் நர்ஸ். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மைக்க மிஷினுக்கு நல்ல கரண்டு வேணும், கேட்டியளா. மிஷினுக்க புஸ்தகத்துல ப்யூர் சைன் வேவ்னு போட்டிருக்கு. அத பாத்து எடுங்க." அவ்வளவுதான். வீட்டில் வருகிற கரண்டு உருண்டு திரண்ட அலையாக வரும். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் அதைப் படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டித் தரும். பல்புக்கு அது போதும். நுணுக்கமான மிஷின்களுக்கு ஆகாது. ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற இந்த விஷயத்தை நான் மாதக்கணக்கில் யூடியூபில் படித்தேன். முடிவெட்டப் போன இடத்தில் வகுப்பெடுத்தேன். கத்தரி காதுக்குப் பக்கத்தில் இருக்கும்போது எதிர்த்துப் பேச முடியாதவன் நானாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் முடிவெட்டுகிறவர்தான் பேசாமல் கேட்டுக்கொண்டார். ஒரு பெட்டியைப் பார்த்தால் அதைவிட நல்லது இன்னொன்று தெரியும். எதையும் வாங்கவில்லை. பயணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை காலையில் புறப்பாடு. திங்கள் கடைக்குப் போய்க் கட்டாயம் வாங்கிவிடுவது என்று செலின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. எங்கள் கிறிஸ்தவ சபையில் அன்றைக்கு அறுப்பின் பண்டிகை.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, சேவல், பலாப்பழம், கேக் என்று அவரவர் படைத்ததை ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். அங்கே விலையைக் குறைத்துக் கேட்கக்கூடாது. பொருளைத் திருப்பிப் பார்க்கக்கூடாது. 'ஓடுமா, உழைக்குமா' என்று கேட்பது சாமிக்குக் கொடுத்ததில் குறை சொல்வது. கொடுத்தவரும் பக்கத்திலேயே சிரித்த முகத்தோடு நிற்பார். கேட்க முடியுமா?

அந்த வருஷம் சேவலுக்கும் சேனைக்கும் நடுவில் ஒரு இன்வெர்ட்டர் உட்கார்ந்திருந்தது. தள்ளுவண்டி பேக்கரி நடத்தி நிறுத்திவிட்ட ஒரு சபையார் கொடுத்தது. பெரிய பெட்டி. முகப்பில் மூவாயிரம் வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. செலின் என் முகத்தைப் பார்த்து, அசையாதீங்க என்று கண்ணாலேயே சொன்னாள். நான் அசையவில்லை. சத்தியமாக அசையாமல்தான் நின்றேன்.

அப்போது ஸ்டான்லி அண்ணன் கை தூக்கினார். அமரவிளையில் கட்டிட கான்ட்ராக்ட் எடுக்கிறவர். வருஷா வருஷம் நான் கேட்கிற வாழைக்குலையை எனக்கு மேலே கேட்டு எடுத்துக்கொண்டு போகிறவர். தூக்கிய கையை இறக்காமல் என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"எலே, இந்த ஊருல இன்வெர்ட்டரு தெரிஞ்ச ஆளு நீயாக்கும்ணு கேட்டேன். நீ ஏன் சும்மா நிக்கிய?"

அவ்வளவுதான். எனக்குள் மாதக்கணக்காகச் சேர்ந்திருந்த அறிவு முழுவதும் ஒன்றாக எழுந்து நின்றது. நான் கேட்டேன். அவர் மேலே கேட்டார். நான் அதற்கும் மேலே கேட்டேன். (எவ்வளவு வரை போனது என்று எழுதமாட்டேன். செலின் இதை வாசிப்பாள்.) ஏலம் விட்ட சபைச் செயலாளர் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று இழுத்து இழுத்து, இடையில் மலையாளத்திலும் என்னைப் புகழ்ந்து, மூன்றாம் தரம் சொன்னபோது முற்றமே கை தட்டியது. ஸ்டான்லி அண்ணன்தான் எல்லோரையும்விட உரக்கத் தட்டினார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

செலின் ஒன்றும் பேசவில்லை. நர்ஸ்கள் ஒன்றும் பேசாவிட்டால் நோயாளி நிலைமை மோசம் என்று அர்த்தம். நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. பெட்டியைத் தோளில் வைத்து வீட்டுக்கு நடந்தேன். பின்னாலேயே சபையில் பாதிப் பேர் வந்தார்கள். ஸ்டான்லி அண்ணனும் ஏலத்தில் எடுத்த சேவலோடு வந்தார். சாப்பாடு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் இன்வெர்ட்டரைப் பேட்டரியோடு இணைத்தேன். சுவிட்சைப் போட்டதும் பெட்டி லாரி மேடு ஏறுவதுபோல உறுமியது. மேலே ஃபேன் முனகிக்கொண்டே சுற்றியது. சக்தி அதிகம், அதனால்தான் சத்தம் என்று விளக்கம் கொடுத்தேன். கூட்டத்தில் சிலர் தலையசைத்தார்கள். ஸ்டான்லி அண்ணன் மட்டும் தலையசைக்கவில்லை.

"மாமிய ஒரு பத்து நிமிஷம் ஒறங்கச் சொல்லுலே. பாப்போம்" என்றார்.

மாமி மறுபேச்சில்லாமல் வேனில் ஏறினார். மிஷினை இணைத்து, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் கட்டிலில் சாய்ந்தார். நான் கதவைச் சாத்தினேன். முற்றத்தில் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். மிஷின் வேலை செய்யாவிட்டால் குறட்டை வரும். அது ஊருக்கே தெரிந்த கணக்கு.

குறட்டை வரவில்லை. பத்து நிமிஷம் போனது, அரை மணி போனது. இன்வெர்ட்டர் உறுமுகிறது, ஃபேன் முனகுகிறது, மாமியிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள், பச்சைப் பிள்ளை மாதிரி உறங்குகிறார் என்று சொன்னார்கள். நான் முற்றத்தின் நடுவில் நின்று, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் கரண்டின் அலைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். அன்று காலை பாஸ்டர் பேசியதைவிட என் பிரசங்கம் நீளம் என்று பிற்பாடு சொன்னார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து மாமி கதவைத் திறந்து இறங்கினார். முகமெல்லாம் வேர்வை. "நல்ல ஒறக்கம் மக்கா" என்றார். ஸ்டான்லி அண்ணன் சேவலைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த முதுகைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு சுவிட்சை அணைக்க வேனுக்குள் போனேன். மிஷினின் திரை இருட்டாக இருந்தது. அதற்குக் கரண்டு கொடுக்கிற அடாப்டரைத் தொட்டேன், கையைச் சுட்டது. திரும்பச் சொருகினேன், அணைத்துப் போட்டேன், தட்டிப் பார்த்தேன். திரையில் வெளிச்சம் வரவில்லை. அப்போதுதான் பெட்டியைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன். சின்ன எழுத்தில் ஒரே ஒரு வரி. 'மாடிஃபைடு சைன் வேவ்'. படிக்கட்டுக் கரண்டு.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. மிஷின் தொடக்கத்திலேயே நின்றிருக்கிறது. மிஷின் இல்லாமல் மாமி உறங்கினால் குறட்டை வரும். குறட்டை வரவில்லை. அப்படியானால் மாமி உறங்கவில்லை. அந்தப் புழுக்கத்தில், காற்று வராத மாஸ்க்கை முகத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கண்ணை மூடி அசையாமல் கிடந்திருக்கிறார்.

அடுக்களையில் மாமி முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அவரே துவர்த்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"அம்புடு பேரு நிக்கும்போ நான் எழும்பி மிஷினு நின்னு போச்சுண்ணு பறஞ்சா, ஒனக்க மொகம் என்னத்துக்கு ஆவும்?"

"மாமி, எங்கிட்டயாவது பறஞ்சிருக்கலாமே."

"பறஞ்சா நீ வெறுத்துப்போய் வண்டிய வித்துப்போடுவ. பின்ன நான் எனக்க தங்கச்சிய எப்படிக் காணும்?" அப்புறம் கொஞ்சம் சிரித்தார். "நாளைக்கு செலினையும் கூட்டிட்டுப் போய் நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வா மக்கா. இன்னொரு மட்டம் இப்படி கெடக்க எனக்கு வய்யா."

இது எங்களுக்குத் தெரியாமலே எல்லோரும் பீர்மேட்டுக்குப் போயிருந்தால், குளிரில், அசதியில், அந்த மிஷின் நின்று மாமி உண்மையாகவே உறங்கியிருந்தால்? அதை நினைத்தபோது என் பெருமை எல்லாம் வேர்வையோடு வடிந்துபோனது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவரை என் வாழ்நாள் முழுக்க மதிப்பேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் என் மானத்தையும் காப்பாற்றினார், தன் பயணத்தையும் காப்பாற்றிக்கொண்டார். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய வேறு யாரால் முடியும்?

செலினிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடாப்டரைத் தொட்டுப் பார்த்து, முதலில் அம்மையின் நாடியைப் பிடித்தாள். நல்லவேளை, ஆறியதும் வீட்டுக் கரண்டில் மிஷின் வேலை செய்தது.

திங்கள் காலை இருவரும் நெய்யாற்றின்கரைக்குப் போனோம். செலின் மிஷினையும் கையோடு எடுத்துக்கொண்டாள். கடைக்காரரிடம், இந்த மிஷினும் ஒரு ஃபேனும் ராத்திரி முழுவதும் ஓட வேண்டும், எப்போதாவது சின்ன மிக்ஸி, அவ்வளவுதான் என்றாள். அவர் எடுத்து வைத்தது பார்வைக்குச் சப்பாத்திப் பெட்டி அளவுதான். செலின் மிஷினை அதில் சொருகி ஓடவிட்டுவிட்டு என்னை வெளியே சாயா குடிக்கக் கூட்டிப்போனாள். திரும்பி வந்தபோது மிஷின் சத்தமில்லாமல் ஊதிக்கொண்டிருந்தது. அடாப்டரைத் தொட்டுப் பார்த்தாள், தலையசைத்தாள். நான் மாதக்கணக்கில் படித்தும் செய்ய முடியாத தேர்வு ஒரு சாயாவில் முடிந்தது. கடையில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சாருக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை போல என்று கடைக்காரர் மலையாளத்தில் செலினிடம் கேட்டார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மையின் மகளல்லவா.

பீர்மேட்டில் அக்காவும் தங்கையும் பகல் முழுவதும் பேசினார்கள், அழுதார்கள், மறுபடியும் பேசினார்கள். மாமி முற்றத்து வேனில் உறங்கினார். காலையில் எஸ்தர் சித்தி படுக்கையிலிருந்தே ஆளை அனுப்பினார். சின்ன வயதிலிருந்து அக்காவின் குறட்டையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். ராத்திரி முழுவதும் சத்தமே கேட்காததால், அக்காவுக்கு உயிர் இருக்கிறதா பார்த்து வா என்றாராம். மாமி அப்போதும் நல்ல உறக்கத்தில் இருந்தார். அந்த உறக்கம் உண்மையானது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்துபோய் மிஷினின் வெளிச்சத்தைப் பார்த்து வந்தவன் சொல்கிறேன்.

பழைய பெட்டியை ஸ்டான்லி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவருடைய வேலை இடத்தில் பல்புகளும் துளை போடுகிற மிஷினும் அதில்தான் ஓடுகின்றன. மாமி அன்று என்ன செய்தார் என்பதையும் அவரிடம் சொன்னேன். "மாமி ஆளு வேறயாக்கும்" என்றார். நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாராவது எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போச்சு. செலின் புதிதாக ஒரு கறி வைத்து நான் புகழ்ந்தாலும், அவள் எடுத்த சேலையை நான் பாராட்டினாலும், உடனே கேட்பாள். "உள்ளதா, இல்ல மாமி ஒறக்கமா?" சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில்கூடச் சாப்பாடு எப்படி என்று கேட்டால், எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கண்ணை மூடிக் காட்டுகிறார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் மாமிக்குத்தான் வாசித்துக் காட்டினேன். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் கடைசிவரை கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, "கொள்ளாம் மக்கா, நல்லா எழுதியிருக்க" என்றார்.

மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.