பூனைக்கு ஜாமீன் நிற்பவர்

நம்மிடையே ஓர் இனம் உண்டு: பூனைக்கு ஜாமீன் நிற்பவர்கள். ஈப்போவில் எந்தத் தாமான் குடியிருப்புக்குப் போனாலும் வீட்டு வரிசைக்கு ஒருவராவது அகப்படுவார். நாய் கடித்தால் ஊரைக் கூட்டுகிற இதே மனிதர், பூனை கடித்தால் மட்டும் கடிபட்டவரை அதட்டுவார். "நீ என்ன செஞ்சே அத?"

ஈப்போவின் சிலிபின் பகுதியில் எங்கள் வரிசைக்கு வாய்த்தவர் கார்த்திகேசு அண்ணன். அவருடைய பூனை ராணி செவ்வாய் வெள்ளியில் நெத்திலியைத் தொடாதாம். பூசை மணி அடித்தால் முதல் ஆளாக வந்து உட்காருமாம். தைப்பூச விரதம் முழுக்கத் தயிர்ச் சோறுதானாம். நெற்றியில் இட்ட திருநீற்றை ஒருநாளும் நக்கியதில்லையாம். எந்தப் பூனைக்கு நெற்றி எட்டும் என்று கேட்காதீர்கள். தடுப்பூசி போட்டீர்களா என்றும் கேட்காதீர்கள். கேட்டால் அவர் குடும்பத்தையே அசுத்தம் என்று சொன்ன மாதிரி.

போன மாதம் ராணியை ஒரு தெருநாய் கடித்துக் குதறியது. காயம் ஆறிவிட்டது, குணம்தான் மாறியது. அண்ணன் வீட்டு வாசலில் கிடக்கும் பழைய அலமாரிக்கு அடியில் பதுங்கி, கிட்டே வருகிற கால்களைப் பார்த்தெல்லாம் சீறியது. பக்கத்து வீட்டுச் சாந்தினி வழக்கம்போல் சோறு வைக்கப் போனாள். கட்டைவிரலில் பல் இறங்கியது.

கிளினிக்குக்குப் போக அவள் செருப்பு மாட்டுவதற்குள் அண்ணன் மஞ்சளும் திருநீறுமாக வந்து, விரலில் அப்பி, தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"நம்ம வீட்டுப் பூனைலா, தங்கச்சி. சாமி ரூம்புல படுக்குறது. இதுக்குப் போயி ஊசி போட்டா நாலு பேரு என்னைய என்ன நெனைப்பாங்க?"

கவனித்தீர்களா? கடிபட்டது அவள் விரல். காயம் பட்டது அவர் கௌரவம்.

வெறிநோய் பூனையின் கடியாலும் வரும், கீறலாலும் வரும்; உடனே ஊசி போட்டால் தப்பலாம், அறிகுறி தெரிந்த பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. இது சாந்தினிக்குத் தெரியும். தெரிந்தும், அண்ணன் முகம் சுருங்குமே என்று செருப்பைக் கழற்றினாள்.

ஆனால் மனசு கேட்கவில்லை. மத்தியானம், மீன் வாங்கப் போவதாகச் சொல்லிக் கூடையும் கையுமாக அரசாங்க கிளினிக்குக்குப் புறப்பட்டாள். துணைக்கு நானும் போனேன்.

பூனையிடம் கடிபட்டவர், பிறாண்டல் பட்டவர் யாரென்று நர்ஸ் மலாயில் கேட்டார். சாந்தினி கையைத் தூக்கினாள். பின்வரிசையில் முழுக்கைச் சட்டை போட்ட இன்னொரு கையும் எழுந்தது. கார்த்திகேசு அண்ணன்.

"பிரஷர் பாக்க வந்தேன்லா" என்றார், தூக்கிய கையை இறக்காமலே.

"யாருக்கு அண்ணே, ராணிக்கா?" என்றாள் சாந்தினி.

நர்ஸ் அவள் விரலைப் பார்த்து முகம் சுளித்து, மஞ்சள் போகும்வரை சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவ வைத்தார். அண்ணனுக்கு அந்தச் சிரமமே இல்லை. முழுக்கையை மடித்ததும் தெரிந்த, காலையிலேயே ராணி போட்டிருந்த நீளக் கீறலில் மஞ்சளும் இல்லை, திருநீறும் இல்லை. சோப்பு வாசனைதான் வந்தது.

நீங்கள் இந்த இனம் இல்லை, தெரியும். உங்கள் புறங்கையில் உள்ள சிவப்புக் கோடு காகிதப்பூச் செடியின் முள் கிழித்தது, அதையும் நம்புகிறேன். உங்கள் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டு முறைக்கிறதே, அந்தச் செடிக்கு ஊசி போட்டாயிற்றா?