கொக்குமேட்டில் குளிர்காலம்

பாகூருக்குத் தெற்கே, பெண்ணையாற்றுக்கு வடக்கே, கொக்குமேடு என்று ஓர் ஊர். மகா கனம் பொருந்திய பிரெஞ்சுக் குடியரசின் கொடி பறந்த நாளில் அந்த ஊரில் 'நீர், சந்தை மேற்பார்வைக் காரியாலயம்' என்று ஒன்று இருந்தது. கோடையில் அங்கே நீர் கிடையாது. சந்தையோ செவ்வாய்க்கிழமை மட்டும்தான். பாக்கி நாட்களில் காரியாலயம் எதை மேற்பார்த்தது என்று கேட்கிற தைரியம் ஊரில் ஒருத்தருக்கும் இல்லை.

அந்தச் சந்தையில் புளியமரத்தடியில் பனையோலை விசிறி விற்றுக்கொண்டிருந்தவள் அமுதம். அவள் புருஷன் இருசப்பனுக்கு ஏரிக்கடைசியில் துண்டு நிலம் இருந்தது; அங்கே தண்ணீர் வருவதும் காரியாலயத்துத் துரை வருவதும் ஒன்று, இரண்டையும் எதிர்பார்த்து உட்கார முடியாது. ஆகவே பங்குனி முதல் ஆடி வரை அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததென்றால் அது விசிறியால்தான். அமுதம் கட்டுகிற விசிறி மூன்று கோடை தாங்கும். அவள் வியாபாரத்தில் இருந்த ஒரே குறை அதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் சித்திரை மாதம், முதல் செவ்வாய்க்கிழமை, அவளுக்குப் பக்கத்தில் இரண்டு சேவகர்கள் ஒரு மேசையைக் கொண்டுவந்து போட்டார்கள். அதன் பின்னால் துரையின் மனைவி வந்து உட்கார்ந்தாள். ஊரார் அவளை மதாம் என்பார்கள். பனிமலைச் சீமையில் பிறந்தவள். கப்பலேறி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் பின்னியதைச் சந்தையில் வைத்து விற்பது அவள் ஊர்ப் பெண்களின் வழக்கமாம். மேசைமேல் கம்பளிக் குல்லா, கம்பளிக் கழுத்துப்பட்டை, கம்பளிக் காலுறை. உச்சி வெயிலில் அவற்றைக் கண்ணால் பார்த்ததற்கே இரண்டு பேருக்கு வேர்த்துவிட்டது.

வெகுநேரம் யாரும் கிட்டே போகவில்லை. பிறகு காரியாலயத்துப் பெரிய குமாஸ்தா ஜெகநாதன் வந்தார். துரை தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்வது என்ற ஒரே கொள்கையால் உத்தியோகத்தில் உயர்ந்தவர் அவர். ஒரு குல்லாவை வாங்கி, மறுநாள் அதைத் தலையில் தரித்துக்கொண்டு காரியாலயத்தில் பிரவேசித்தார். வந்த நாளாகச் சிரித்தறியாத துரை, தம் மனைவியின் கைவேலையைக் கண்டு சிரித்தார். சிரித்தபடியே ஜெகநாதன் நீட்டிய காகிதங்களில் எல்லாம், படித்துப் பாராமல், கையெழுத்துப் போட்டார்.

ராஜா மெச்சினவள் ரம்பை. அடுத்த சந்தையில் வெயில் ஏறுமுன் மேசை காலியாகிவிட்டது. பெரிய மிராசுதார் சாமிநாதன் தமக்கு ஒரு குல்லாவும், வண்டிமாட்டுக்கு இரண்டு கழுத்துப்பட்டையும் வாங்கினார். மணப்பட்டு மீனவர்கள் படகுத்துறை மனுவோடு ஆளுக்கொரு காலுறை போட்டுக்கொண்டு மணலில் நடந்து வந்தார்கள். குல்லா இல்லாமல் வந்த மனு அடியிலே போயிற்று. அடியிலே போன மனு கரையானுக்குப் போயிற்று. மாதம் முடிவதற்குள், கல்யாண மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை போதாது, குல்லாவும் வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் கேட்கிற அளவுக்கு நாகரிகம் முற்றிவிட்டது.

கம்பளி போட்டவனுக்கு வேர்க்கும். வேர்த்தவன் விசிறி தேடுவான். அமுதத்தின் விசிறிகள் பறந்தன. மதாம் மகராசியாக இருக்க வேண்டும் என்று அமுதம் அய்யனாரிடம் மனசார வேண்டிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் இரண்டு சந்தைதான். தலையில் குல்லாவும் கையில் விசிறியுமாகப் போன ஒரு ஆளை ஜெகநாதன் பார்த்துவிட்டார். பார்த்தவர் அன்று முழுதும் யோசித்தார். விசிறிக்கொள்கிறவன் தனக்கு உஷ்ணம் என்கிறான். உஷ்ணம் என்றால், மதாம் பின்னியது தேவையில்லை என்கிறான். மதாம் செய்தது சரியில்லை என்றால், மதாமைக் கட்டிய துரை செய்தது சரியில்லை. துரை செய்தது சரியில்லை என்றால் அது குடியரசு செய்ததும் சரியில்லை என்பதாகும். மறுநாள் தமுக்கு அடித்தார்கள். கொக்குமேட்டு எல்லைக்குள் விசிறி விற்பதும், வாங்குவதும், வீசுவதும் ராஜத்துரோகம்.

அமுதம் நேரே ஜெகநாதனைப் போய்ப் பிடித்தாள்.

"இன்னாங்கய்யா இது? சித்திர வெயிலு மண்டையப் பொளக்குது. விசிறி விக்கக் கூடாதுன்னா நான் எங்க போவேன்?"

"வெயிலா? யார் சொன்னது?"

"வெளியில வந்து பாருங்க."

"நான் பாத்தா அது என் சொந்த அபிப்பிராயம்மா. சட்டத்தைப் பாரு. பிரான்சு ஒண்ணு, அத பிரிக்க முடியாது. மதாம் ஊரும் பிரான்சு, கொக்குமேடும் பிரான்சு. அங்க பனி பெய்யுது. அப்ப இங்க இன்னா பெய்யும்?"

அமுதம் யோசித்துப் பார்த்தாள். "அனலு" என்றாள்.

"சட்டப்படி சொல்லு."

குல்லாவுக்கடியிலிருந்து வழிந்து மூக்கு நுனியில் தொங்கிய நீரை ஜெகநாதன் விரலால் சுண்டிவிட்டு, பனி உருகுகிறது என்று விளக்கினார்.

பிடித்த புலியின் வாலை விட முடியாது அல்லவா? காரியாலயத்தின் பெயர் 'நீர், சந்தை, சீதோஷ்ண மேற்பார்வைக் காரியாலயம்' என்று விரிவடைந்தது. சித்திரை, வைகாசி, ஆனி ஆகிய மூன்றும் குளிர்காலம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். துரையின் தலைக்குமேல் தொங்கிய துணி விசிறியான பங்காவை இழுக்கிற கண்ணையனுக்கு, உத்தியோகம் போகாதிருக்கும் பொருட்டு, கயிற்றை இழுக்கலாம், ஆனால் பங்கா அசையக் கூடாது என்று உத்தரவாயிற்று. வெயில் தாங்காதவர்கள் வறண்டு கிடந்த பெண்ணையாற்றைத் தாண்டி அக்கரையில் இங்கிலீஷ்காரன் எல்லைக்குப் போய், குல்லாவைக் கழற்றி, ஆசைதீர வேர்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அந்தப் பக்கம் உஷ்ணத்துக்குத் தடை இல்லை.

அமுதம் காரியாலயத்துக்கு விடாமல் நடந்ததில் அவளுக்கு ஒரு சலுகை கிடைத்தது. குளிர்காயும் நெருப்பை ஊதுவதற்கான கருவி என்ற முறையில் விசிறி விற்கலாம். ஆனால் அத்தாட்சிக்காகப் பக்கத்தில் நெருப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் அமுதம் விறகு மூட்டி உட்கார்ந்தாள். துரை பார்க்கக்கூடும் என்று, மனு வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்து அந்த நெருப்பைச் சுற்றி நின்று கையைக் காட்டினார்கள். மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். குளிரில் விறைத்துவிட்டார்கள் என்று காரியாலயத்தில் பதிவாயிற்று. ஒரு விசிறிகூட விற்கவில்லை. வீட்டில் அரிசிப் பானையின் அடி தெரிந்துவிட்டது. அமுதத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இனி இந்தக் குமாஸ்தாவோடு பேசிப் பயனில்லை என்று பக்கத்து மேசைக்குத் திரும்பினாள்.

"மதாம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த ஊருல யாருக்குக் குளிருதுன்னு இதெல்லாம் பின்றீங்க?"

மதாமுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது அவள் சமையல்காரி. அதனால் அவள் பேச்சில் மரியாதை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

"இன்னா அமுதம், உனக்குத் தெரியாதா? எங்க வூட்டுக்காரர பாக்க வரவங்க எல்லாரும் கைய கட்டிக்கினு, முதுகு வளைச்சிக்கினு, பல்லு கடகடன்னு அடிக்க நடுங்குறாங்க. வேர்வை வேற ஊத்துது. எங்க ஊர்ல குளிர் ஜுரம் கண்டா அப்படித்தான் இருக்கும். பாவம்னு பின்னுனேன். சும்மா குடுத்தா வாங்க வெக்கப்படுவாங்கன்னு சந்தையில வெச்சேன்."

நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஜெகநாதன் வானத்தைப் பார்த்தார். அமுதத்துக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது.

"அய்ய, அது குளிரு இல்ல மதாம்மா. பயம்."

"பயமா? யார பாத்து?"

"உங்க வூட்டுக்காரரத்தான்."

மதாம் நம்பவில்லை. பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிற மனுஷரைப் பார்த்து ஒரு ஊரே நடுங்குமா? ஆனாலும் நியாயம் தெரிந்தவள். நாளைக் காலை காரியாலயத்துக்கு வந்து துரையிடமே அதைச் சொல், பயம்தான் என்றால் நான் ஊசியை வைத்துவிடுகிறேன், விசிறித் தடையும் போய்விடும் என்றாள். அமுதம் சரி என்றாள். எனக்கு இன்னா பயம், ஒரே ஒரு வார்த்தை, சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்று வழியெல்லாம் இருசப்பனிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை காலை, கையிருப்பில் உள்ளதிலேயே நல்ல விசிறியாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். ஊர் திரண்டிருந்தது. துரை மேசைக்குப் பின்னால் இருந்தார், பக்கத்தில் மதாம். துரை பிரெஞ்சில் கேட்க ஜெகநாதன் தமிழில் சொன்னார். மிராசுதார் சாமிநாதனை முதலில் கூப்பிட்டு, நடுங்குகிறீரே, குளிரா, பயமா என்று விசாரித்தார்கள். பயம் என்றால் ஏன் பயம் என்று கேட்பார்கள், அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். ஆகவே குளிர் என்றார் சாமிநாதன். மீனவர்களும் குளிர் என்றார்கள். கண்ணையன், அசையாத பங்காவின் கயிற்றை இழுத்தபடியே, எலும்பு வரைக்கும் குளிர் என்றான்.

அமுதத்தின் முறை வந்தது.

மேசைமேல் பச்சைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் முத்திரைக்கட்டை, மைக்கூடு, சிவப்பு நாடா கட்டிய காகிதக் கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே துரையின் மீசை. துரை முன்னால் குனிந்து, ரொம்பவும் அன்பாக, ஏதோ கேட்டார்.

"பயப்படாம சொல்லு" என்றார் ஜெகநாதன். "குளிரா, பயமா?"

அமுதத்தின் கையிலிருந்த விசிறி தானாகவே படபடவென்று ஆட ஆரம்பித்தது. சந்தையில் மதாமிடம் அப்படிப் பேசின பொம்பிளையா இது என்று இருசப்பன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். பார்த்தவனும் கையைக் கட்டிக்கொண்டான். விசிறி ஆடிய ஆட்டத்தில் காற்றெழுந்து துரையின் முகத்தில் ஜில்லென்று பட்டது. துரை கோட்டின் மேல் பித்தானை மாட்டிக்கொண்டார்.

"குளிருதுங்க துரை" என்றாள் அமுதம்.

விசிறி விற்பவளே சாட்சி சொல்லிவிட்டாள். இனி அப்பீல் இல்லை என்று முத்திரை குத்தியாயிற்று. மதாம் கண்கலங்கிக் கணவனிடம் ஏதோ சொன்னாள். அதை ஜெகநாதன் உரக்க மொழிபெயர்த்தார்.

"மதாம் சொல்றாங்க: ஊரிலேயே இந்தப் பொம்பளைக்குத்தான் குளிர் ரொம்ப ஜாஸ்தியா இருக்குது, பாவம். காது மறைக்கிற மாதிரி பெரிய குல்லாவா குடுங்க."

அமுதம் இரண்டு கையாலும் வாங்கி, நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.