வேலை நேரத்து ப்ராக்ஸி

தான் வீட்டில் இருப்பதைக் கமாலுதீனின் லேப்டாப் ஒப்புக்கொள்ள மறுத்தது.

இன்டர்வியூவுக்குப் பத்து நிமிடம் இருந்தது. நிபோங் திபாலில் ஒரு கம்பெனி, ஸ்டோர் மேனேஜர் வேலை. எக்செல் திறந்து காட்டச் சொல்லியிருந்ததால் கைப்பேசி போதாது. ஆகவே வயிற்றுவலி என்று எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்துவிட்டு, ஆபீஸ் லேப்டாப்பிலேயே வேறு வேலை தேடும் துணிச்சலோடு, டத்தோ கிராமாட்டிலுள்ள தன் வீட்டில் டை கட்டி உட்கார்ந்திருந்தார்.

ஆபீஸில் ப்ராக்ஸி என்ற இடைவழி இல்லாமல் இணையம் இல்லை. வீட்டில் ப்ராக்ஸி இருந்தால் இணையம் இல்லை. தினமும் மாற்ற மறந்துபோவதால், வேலை நாட்களில் பகல் முழுவதும் ப்ராக்ஸி தானாக வரும்படி அவரே ஏற்பாடு செய்து, பார்த்தவரிடமெல்லாம் பெருமையும் அடித்திருந்தார். வேலை நாளில் பகல் மூன்று மணிக்கு ஆள் வீட்டில் இருப்பான் என்பது அந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது. அவர் நிறுத்த நிறுத்த, அது திரும்பி வந்தது.

"லேப்டாப்புக்கு இருக்கிற விசுவாசம்கூட உங்களுக்கு இல்லலா," என்றாள் மனைவி ஷரீஃபா.

தேதியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். ப்ராக்ஸி போனது. 'உங்கள் கடிகாரம் தவறு' என்று சொல்லி இணையமும் கதவைச் சாத்தியது.

வேறு வழியின்றி ஆபீஸ் ஐடி பிரிவில் இருக்கும் நோர்மாவை அழைத்தார்.

"அண்ணே, எம்சில இருக்கீங்க. லேப்டாப் எதுக்கு?"

"டாக்டரும்மா... வீடியோவுல வயித்தப் பாக்கணும்ங்கிறாரு."

"யா அல்லாஹ்! சீரியஸா?"

"கொஞ்சம் சீரியஸ்தான்லா."

பதறிப்போன நோர்மா, அந்த ஏற்பாட்டை எங்கே போய் அழிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். தேதியைச் சரிசெய்தார். இணையம் வந்தது. திரையில் புதுக் கம்பெனியின் மேனேஜர் ஹரீஷும் வந்தார். கமாலுதீன் எக்செல்லைக் காட்டத் தொடங்கினார். மூலையில் ஆபீஸ் வாட்ஸாப் குழுவும் தன்னைக் காட்டத் தொடங்கியது.

"'கமால் அண்ணனுக்கு ஆபரேஷனாம், துஆ செய்யுங்க,'" என்று ஹரீஷ் வாசித்தார். "'பாஸ் பழம் வாங்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டார்.' ஆபரேஷன் எப்ப சார்?"

கமாலுதீன் டையைத் தளர்த்தினார். "பொய்தான் சார். எல்லாம் இந்த ப்ராக்ஸியால வந்தது. நோர்மான்னு ஒரு பொண்ணு. பாதி இணையத்தப் பூட்டி வெச்சிருக்கு. அதுக்குப் பயந்துதான் வேலையே மாறுறேன். உங்ககிட்ட எப்படி சார்?"

ஹரீஷ் சிரித்தார். "இப்போதைக்கு ப்ராக்ஸியே கிடையாது. உண்மை பேசிட்டீங்க, பிடிச்சிருக்கு. ஒண்ணாம் தேதி வந்து சேருங்க."

கமாலுதீனுக்குக் கண் கலங்கியது. பதவி உயர்வுக்குக்கூட அவர் கலங்கியதில்லை, அது வந்ததுமில்லை.

"என்னங்க," ஷரீஃபா எட்டிப் பார்த்தாள். "உங்க பாஸ் வாசல்ல நிக்கிறாரு. கையில பப்பாளி."

நேற்றுவரை பாஸின் கார் சத்தத்துக்கே எழுந்து நின்றவர், இன்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "வயித்துல ஒண்ணும் இல்ல பாஸ்! நான் வேலைய விடுறேன்! உங்க ப்ராக்ஸிய நீங்களே வெச்சுக்குங்க!"

வாசலில் பப்பாளி விழும் சத்தம் கேட்டது. கார் கிளம்பும் சத்தமும் கேட்டது.

திரையில் இன்னும் இருந்த ஹரீஷ் தொண்டையைச் செருமினார்.

"நல்லதாப் போச்சு சார். எங்களுக்கு ப்ராக்ஸி போட்டுக் குடுக்க, ஒண்ணாம் தேதி நோர்மாவும் இங்கதான் சேர்றாங்க. ஒரே கார்ல வந்துருங்க."