சொல்யூஷன் தடவாத ஒரு ஜாயிண்ட்

புதுப்பட்டினம் வட்டாரத்தில் பொய்யை முகர்ந்து பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் போலீஸ்காரர் அல்ல, எலக்ட்ரீஷியன். நிஜப் பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். ஊருக்கு அவர் ‘முப்பது’.

மேல்தளத்துக்குக் காங்கிரீட் போடும் முன், ஒயர் போவதற்காகக் கம்பிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் பைப் பதிப்பார்கள். ஒரு பைப்பை இன்னொன்றோடு சேர்க்க சொல்யூஷன் என்று ஒரு பசை. மற்றவர்கள் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்துச் செருகிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இவர் பைப் முனையைத் துணியால் துடைத்து, பசை தடவி, செருகி, லேசாகத் திருகி, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணுவார். சத்தமாக. அதுவரை உலகம் காத்திருக்க வேண்டும். அடுத்தவர் போட்ட ஜாயிண்ட் என்றால் மூக்கை வைத்து முகர்ந்து, பசை வாசனை வந்தால்தான் நகர்வார்.

மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ் வேலை. பதினேழு எண்ணும்போது மூக்கின்மேல் குளவி உட்கார்ந்தது. குரல் நடுங்கியதே தவிர கை நடுங்கவில்லை. முப்பது சொல்லிவிட்டுத்தான் அலறினார். பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர் ஒன்பதில் வணக்கம் சொன்னாராம். பதில் வணக்கம் முப்பதுக்குப் பிறகுதான் கிடைத்தது. “புட்ச்சத வுடமாட்டான் போலக்கீது” என்று அந்த வாரமே தட்டு மாற்றிவிட்டார் மாமனார்.

“ஏன் இவ்வளவு பாடு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“காங்கிரீட்டு போட்டப்பறம் உள்ள பாக்க முடியாது சார். ஜாயிண்டு கழண்டுகினா சிமெண்டுப் பாலு பூந்து அடைச்சிக்கும். அப்பால ஒயரு போவாது. என் பேரு நாறிடும்.”

முப்பது போட்ட ஜாயிண்ட் கழன்றதே இல்லை என்ற அந்தப் பேர்தான் அவருடைய ஒரே சொத்து. அதில் கைவைத்தவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டில் ஒரு ஆபீசில் கிளார்க்காக இருந்த நான், புதுப்பட்டினத்தில் வீடு கட்டினேன். மறுநாள் காலை காங்கிரீட். ஒரே ஒரு ஜாயிண்ட் பாக்கி இருந்தபோது முப்பது டீ குடிக்கப் போனார். வீட்டுக்காரன் என்ற மிதப்பு எனக்கு. நாமே போட்டால் என்ன என்று செருகிப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. சொல்யூஷன் டப்பாவின் மூடிதான் திறக்கவில்லை, நகம் உடைந்தது. இவ்வளவு இறுக்கமாக இருக்கிறதே, பசை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தவர் குனிந்து பார்த்தார்.

“இத யாரு போட்டது?”

“நான்தான்.”

“சொல்யூசன் தடவினியா சார்?”

“தடவினேன்.”

“முப்பது எண்ணினியா?”

“எண்ணினேன்.”

தன் தம்பி போட்ட ஜாயிண்டையே நம்பாத மனிதர், “படிச்சவங்க படிச்சவங்கதான்” என்று என் முதுகில் தட்டிக்கொடுத்தார். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மேலே கலவைச் சட்டிகள் கைமாறிக்கொண்டிருந்தன. கீழே என் மனைவி எல்லாருக்கும் சமையல் செய்துகொண்டிருந்தாள். கலவையைக் கெட்டிப்படுத்தும் வைப்ரேட்டர் ஒரு அதிர்வு அதிர்ந்தது. நான் செருகிய பைப் நழுவி வெளியே வந்துவிட்டது.

“நிறுத்துங்கடா!” என்று முப்பது பாய்ந்தார்.

மேஸ்திரிக்குக் கொண்டாட்டம். “இன்னா முப்பது, உன் ஜாயிண்டே பல்ல இளிச்சிகினு கீது?”

முப்பது அந்த முனையை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு வாசனையும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் கடல் இருக்கும் திசையைப் பார்த்தேன். வாயைத் திறந்திருக்கலாம். மனைவி என்ன நினைப்பாள், ஆட்கள் சிரிப்பார்களே, ஆபீஸ்காரன் மரியாதை என்னாவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“நான்தான் மேஸ்திரி. தடவ மறந்துட்டேன்” என்றார் முப்பது.

பிறகு துடைத்து, தடவி, செருகிப் பிடித்து எண்ணினார். ஆட்களும் கூடவே கத்தி எண்ணிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

“நேத்து இருபத்தொம்போதோட வுட்டுட்டான்பா” என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான். அடுத்த வாரமே டீக்கடையில் அவர் பெயர் ‘இருபத்தொம்போது’ ஆகிவிட்டது. நாங்கள் குடிபோன சமயம், பொத்தேரிப் பக்கம் ஒரு ஹாஸ்டல் கட்டடத்துக்கு அவரைக் கூப்பிட்டிருந்த இன்ஜினீயர், விஷயம் காதில் விழுந்ததும் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

அதைக் கேட்ட பிறகுதான் சதுரங்கப்பட்டினத்தில் அவர் வீட்டுக்குப் போனேன்.

“அந்த ஜாயிண்ட் நான்...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?”

“அன்னிக்கி உன் வூட்டம்மா அத்தினி பேருக்கும் எல போட்டு கேசரி வெச்சாங்க. வூட்டுக்காரனப் பொய்யன்னு சொல்லிட்டு, அந்த எல முன்னாடி எப்பிடி சார் குந்தறது?”

“மேஸ்திரிகிட்ட நான் சொல்லிடறேன்.”

“வாணாம் சார். உனுக்கு ஆபீஸ்ல பேரு கீது. வுடு. ஃபேனு சுத்துதில்ல?”

வேண்டாம் என்று அவர் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எத்தனையோ அசிங்கமான காரியங்கள் செய்திருக்கிறேன்; அந்த நிம்மதி அளவுக்கு எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

இப்போது ரிட்டயராகிவிட்டேன். ஆபீஸ் பேரைச் சாக்குச் சொல்ல வழியில்லை. ஆகவே புதுப்பட்டினத்துக்காரர்களே, அச்சிலேயே சொல்கிறேன். அந்த ஜாயிண்டைப் போட்டவன் நான். தடவாமலே தடவினேன் என்று சொன்னவனும் நான்.

இந்த இதழை வாங்கிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போகப் போகிறேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நான்தான் படித்துக் காட்ட வேண்டும். “இத்தயெல்லாம் இன்னாத்துக்கு சார் எய்திகினு கீற?” என்று கட்டாயம் திட்டுவார். நன்றாகத் திட்டட்டும். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் என்னை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை.